நீல அட்டையின் மிச்சம்

என் மகள் தவமலர் சிங்கப்பூர்க்காரி ஆவதற்காகத் தன் மலேசிய நீல அடையாள அட்டையைக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்து, அங்கிருந்த அதிகாரி கத்தரிக்கோலால் அந்த அட்டையின் ஒரு முனையை வெட்டிப் போட்டு, அவளும் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்த அதே நாள் மத்தியானம், நான் ஜொகூரில் எங்கள் வீட்டு வாசலில் லாரியிலிருந்து பழைய பேட்டரிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, அதே தவமலர் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் ஒரு பைகூட இல்லாமல், வெயிலுக்கு உள்ளங்கையை நெற்றியில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தாள்.

"அப்பா, பசிக்குது," என்றாள்.

நான் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்த காலம் அது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளேயிருந்து வந்த என் மனைவி ராஜம்மா அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். சோற்றைப் போட்டாள், சார்டின் சம்பலை ஊற்றினாள், ஒரு முட்டையைப் பொரித்து ஓரத்தில் வைத்தாள். வந்தவள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ராஜம்மாவின் கைப்பேசி அடித்தது. பேசியது தவமலர், சிங்கப்பூரிலிருந்து.

"அம்மா, எல்லாம் முடிஞ்சிருச்சு. கொடுத்துட்டேன். அந்த மனுஷன்கிட்ட சொல்லிடு."

ராஜம்மா கைப்பேசியைக் காதில் வைத்தபடியே, மேசையில் குனிந்து சாப்பிடுகிறவளைப் பார்த்தாள். "சரிம்மா. நீ இங்க வந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்க. மறுசோறு போடணும், அப்புறமா கூப்பிடு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த மனுஷன் நான்தான். அங்கமுத்து. தெருத் தெருவாக லாரி ஓட்டி, ஒலிபெருக்கியில் கூவி, பழைய பேப்பர், பழைய இரும்பு, ஓடாத மின்விசிறி, ஒழுகுகிற ஐஸ்பெட்டி எல்லாம் எடுக்கிற ஆள். பேரத்தில் என்னை ஜெயித்தவன் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஜெயிக்கப் பார்த்தவனிடம் நான் போட்ட சத்தத்தில் அவன் வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போயிருக்கிறது. என் தொழிலில் சட்டம் ஒன்றுதான். வீட்டுக்காரர் தன் கையால் தூக்கி என் லாரியில் போட்டுவிட்டால், பிறகு உள்ளேயிருந்து அவர் மாமியாரே ஓடிவந்து, ஐயோ அது என் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு என்று கதறினாலும் நான் இறக்க மாட்டேன். ஒரு தடவை இறக்க ஆரம்பித்தால் அப்புறம் லாரி எதற்கு, சும்மா நடந்து போய் எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டு வரலாம்.

அவளோடு பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என் பிறப்பைப் பதிய வேண்டிய நாளில் என் அப்பன் கள்ளுக்கடைப் பக்கம் விழுந்து கிடந்தான், யாரும் பதியவில்லை, அதனால் நான் இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் பல் முளைத்து, இந்த மண்ணில் உதை வாங்கி வளர்ந்தும், என் கையில் கொடுத்தது சிவப்பு அட்டை. சிவப்பு அட்டை என்றால் இருக்கலாம், ஆனால் சொந்தம் கிடையாது. லாரி என்னுடையது, பெர்மிட் வேறொருவன் பெயரில். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரே கேள்வி: நீ எந்த நாட்டுக்காரன்? எனக்கு வேறு நாடு தெரிந்தால்தானே சொல்ல? நீல அட்டைக்கு மனுப் போட்டு, திருப்பி அனுப்பி, மறுபடி போட்டு, தேர்வு என்று கூப்பிட்டு நாட்டுப்பண் பாடச் சொல்லி, பாதியில் இருமல் வந்து, இன்னொரு நாள் வா என்று சொல்லி, கடைசியில் அந்த நீல அட்டை என் கைக்கு வந்தபோது என் தலை நரைத்திருந்தது. அன்றைக்கு அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் வீட்டில் சோறு தின்றோம். தவமலருக்கோ அது பிறக்கும்போதே கிடைத்தது, அவள் அம்மா வழியாக, மூக்கும் முழியும் கிடைத்த மாதிரி.

அதைத்தான் அவள் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். சிங்கப்பூரில் புருஷன், வேலை, வாங்கப்போகிற பிளாட். அங்கே சேர வேண்டுமென்றால் இங்கே விட வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் சம்மதிக்காது.

"நான் ஆயுசு பூரா அலைஞ்சு வாங்கினதை நீ ஒரு காலையில கொடுத்துட்டு வருவியா?" என்று எடைக்கல்லைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

"நீங்க அலைஞ்சது உங்களுக்கு. உங்க அலைச்சலை நான் எதுக்குக் கழுத்துல மாட்டிக்கணும்?" என்றாள். அவள் என் மகள். எடைக்கல்லை எடுத்து, அது விழுந்த இடத்திலேயே மறுபடி அடித்துவிட்டுப் போனாள். சுவரில் பள்ளம் இன்னும் இருக்கிறது.

அப்படிப் போனவள்தான் இப்போது மேசையில் உட்கார்ந்து மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். ராஜம்மா அவள் முடியை ஒதுக்கிவிட்டபோது பார்த்தோம்: வலது காது மடலின் நுனி இல்லை. அட்டையின் முனையை வெட்டினது போல நேராக, சுத்தமாக வெட்டியிருந்தது. ரத்தம் இல்லை, வலியும் இல்லை என்றாள்.

முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று குழப்பம் வந்தது. சிங்கப்பூரில் எல்லாரும் அவளைத் தவம் என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் அங்கே இருப்பவள் தவம், இங்கே இருப்பவள் மலர் என்று ராஜம்மா பிரித்துவிட்டாள், ஒரு புடவையை இரண்டு தாவணியாகக் கிழிக்கிற மாதிரி.

தவம் அங்கே எதையெல்லாம் கொண்டு போகவில்லையோ அதெல்லாம் மலராக வந்திருந்தது. படிப்பை அவள் கொண்டு போயிருந்தாள், வேகத்தைக் கொண்டு போயிருந்தாள், என் கோபத்தைச் சொட்டு விடாமல் வழித்துக் கொண்டு போயிருந்தாள். மலரிடம் இருந்தவை வேறு: பசாரில் மீன்காரனோடு மலாயில் அடிக்கிற அரட்டை, தூங்கும்போது தலையணையைக் கடிக்கிற பழக்கம், முக்கியமாகக் கொஞ்சல். பூனையைக் கொஞ்சுவாள், எதிர்வீட்டுக் கைப்பிள்ளையைக் கொஞ்சுவாள், என் லாரி காலையில் கிளம்ப மறுத்தால் அதன் மூக்கைத் தடவி, "என் கருவாட்டுக் கண்ணு, என் துருப்பிடிச்ச ராசா, கிளம்புடா," என்பாள். அது கிளம்பும்.

எங்கள் குடியிருப்பான தாமானில் யாரும் மலைத்துப் போகவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரி காக் யா ஒரு தட்டு வாழைப்பழப் பொரியலைக் கொண்டுவந்து, எப்போது வந்தாய், இளைத்துவிட்டாயே என்றாள். மளிகைக்கடை ஆ சியோங் காதைக் கவனித்துப் பார்த்துவிட்டு, நல்லது, இந்தப் பக்கமும் ஆள் வேண்டும்தானே என்று ஒரு மிட்டாய் கொடுத்தான். கோயில் குருக்கள் கேட்டது ஒரே கேள்வி: அர்ச்சனைக்கு நட்சத்திரம் பழையதுதானா?

அடுத்து வந்தவன் எதிர்வரிசைத் தனபாக்கியம் அக்காவின் ஒரே மகன் குகன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியபடி, ஆனால் மோட்டார் சைக்கிள் இல்லாமல் நடந்து வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினால் காது வெட்டு. பிறகு மூலை வீட்டு இரட்டையர், பிறகு பள்ளிக்கூடத்து ஆசிரியரம்மாவின் மகள், பிறகு யார் யாரோ. டவுன் பஸ் டிரைவர் யாரும் மணி அடிக்காமலே எங்கள் தாமான் முனையில் நிறுத்தப் பழகிக்கொண்டான். இழுக்க ஆளில்லாமல் துணி போர்த்தி நின்ற கோயில் தேர் அந்த வருஷம் தெருவைச் சுற்றி வந்தது. பூட்டியே கிடந்த மாடி அறைகளில் விளக்கு எரிந்தது. பூப்பந்து மைதானத்தில் புல் தேய்ந்தது. இத்தனை நாளும் பிள்ளைகளின் படத்தைக் கைப்பேசியில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றவர்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் நீல அட்டையோடு இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அட சீக்கிரம் விட்டுக் கொடுத்துடுய்யா, நீ வீட்டுக்கு வந்துடுவல்ல," என்று கெஞ்சத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு மிச்சம் என்று பேர் வைத்தது தனபாக்கியம் அக்காதான். "எங்க வீட்டு மிச்சம் தூங்குது," "உங்க மிச்சத்தைக் கொஞ்சம் அனுப்புங்கண்ணே, கேஸ் தோம்பு தூக்கணும்." அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் தலைக்கு ஏறும். ஆனால் அனுப்பினால் மலர் போவாள். எதைச் சொன்னாலும் அவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: சரி. காரைக் கழுவு, சரி. கடையைப் பார்த்துக்கொள், சரி. சாப்பிடாமல் இரு, சரி. பாலம் தாண்டிப் போனவர்கள் 'முடியாது' என்ற சொல்லை மட்டும் ஒருவர் தவறாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. என் ரத்தத்தில் பிறந்தது பேரம் பேசாமல் இருப்பதா? லாரியின் பின்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"இந்த மின்விசிறிக்கு ஒரு வெள்ளி தர்றேன்னு நான் சொல்றேன். நீ என்ன சொல்லணும்?"

"சரிப்பா."

"என்னாடி சரி! உள்ள இருக்கிற செம்புக் கம்பியே அதுக்கு மேல போகும். முடியாதுன்னு சொல்லு!"

"சரிப்பா."

"சரின்னு சொல்லாத, முடியாதுன்னு சொல்லு!"

"சரிப்பா."

ராஜம்மா ஜன்னலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு லாரிக்கடியில் புகுந்து, ஒன்றும் ஒழுகாத இடத்தில் ஒழுகலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளி காலையில் குகன் வந்தான். அங்கே இருக்கிற குகன். ஒழுங்கான சட்டை, கையில் பலகாரப் பெட்டி. தாமான் முனையிலேயே நின்று எந்தத் தெரு என்று திகைத்து, கைப்பேசியில் வழி பார்த்துத்தான் தன் வீட்டுக்கு வந்தான். தனபாக்கியம் அக்கா வாசல் கேட்டுக்கு உள்ளே நின்றாள். நான் எதிரே லாரிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"அம்மா, நான்தான்."

"தெரியுது."

"கேட்டைத் திறங்கம்மா."

"என் மகன் உள்ள சாப்பிட்டுக்கிட்டிருக்கான். நீ யாரைத் தேடி வந்த?"

"அம்மா, விளையாடாதீங்க. அது நான் விட்டுட்டுப் போனது."

"விட்டுட்டுப் போனதுதான் என் பக்கத்துல உட்காருது. என் கால் புடிச்சு விடுது. நீ வந்தா வாச்சைப் பார்த்துக்கிட்டே இருப்ப. போய்யா, நேரமாகுது உனக்கு."

அவன் கேட்டுக் கம்பியைப் பிடித்தான். பலகாரப் பெட்டியை அதில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளேயிருந்து காது வெட்டுப்பட்ட குகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "யாரும்மா?" என்றான்.

"வழி கேட்க வந்தவன்."

"சரிம்மா," என்றான் அவன்.

அன்றைக்கு ஆட்டுக்கறித் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தேன். நானும்தான் தவத்தோடு பேசாமல் இருந்தேன். ஆனால் கேட்டைப் பூட்டுவது வேறு.

அதற்குப் பின்னால் மலருக்குக் காய்ச்சல் வந்தது. கொண்டுபோன ஆஸ்பத்திரியில் கவுண்டரில் இருந்த பெண் அட்டை கேட்டாள். இல்லை என்றேன். வேறு ஏதாவது தாள்? இல்லை. அந்தப் பெண் நல்ல பெண்தான், குரலை உயர்த்தவில்லை, வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டாள்: "எந்த நாட்டுக்காரி?" அட்டையை விட்டவள் அங்கே புது அட்டையோடு இருக்கிறாள். விடப்பட்டது, இந்த மண்ணை விட்டு ஒரு அடி நகராதது, என் தோளில் காய்ச்சலோடு சாய்ந்திருக்கிறது, அதற்கு ஒரு சிவப்பு அட்டைகூட இல்லை. நான் கவுண்டரை ஓங்கிக் குத்தினேன். "அப்பா, கை வலிக்கும்," என்றாள் மலர். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டோம், காய்ச்சல் இறங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் தவம் ஏழு மாதம் என்று ராஜம்மா சொன்னாள். முதல் பிள்ளை; வளைகாப்பு பெற்ற வீட்டில்தான் நடக்க வேண்டும், மனுஷன் பேசினாலும் சரி பேசாவிட்டாலும் சரி என்று அவளே நாள் பார்த்தாள். அந்தக் காலை மலர் கோலம் போட்டு, பூக் கட்டி, ஏழு வகைச் சோறு கிளறி, மணைப்பலகையைத் துடைத்து நடுக்கூடத்தில் போட்டாள். தாமான் பெண்கள் வந்தார்கள். தனபாக்கியம் அக்கா வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

தவம் காரிலிருந்து இறங்கி வந்தாள். வயிறு முன்னால், அவள் பின்னால். வாசலில் மலரைப் பார்த்து நின்றாள். ஒரே முகம், ஒரே உயரம். ஒன்று பெருத்திருந்தது, ஒன்றின் காது குறைந்திருந்தது.

அவள் மணையில் உட்காரவில்லை.

"அம்மா, நான் வளையலுக்கு வரலை. அவளைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

நான் வாசற்படியில் இருந்தேன். பேசக் கூடாது என்று வைத்திருந்த வாய், தானாகத் திறந்தது. "எதுக்கு?"

"எனக்கு வேணும்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"வயித்துல உதைக்குதுப்பா." அவள் குரல் உடையவில்லை, உடைய வேண்டிய இடத்தில் வழுக்கிப் போயிற்று. "உதைக்குது. கைய வெச்சு ஏதாவது சொல்லணும்னு வாயைத் திறக்கிறேன், மீட்டிங்ல பேசுற மாதிரி வருது. 'ஓகே, நல்லது, அப்புறம் பார்ப்போம்'னு சொல்றேன். என் பிள்ளைகிட்ட! அம்மா போன்ல கூப்பிட்டா யாரோ யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு. அழுகை கூட வரலை. எல்லாம் இவகிட்ட இருக்கு. நான் விட்டப்ப இதெல்லாம் சேர்ந்து போகும்னு யாரும் சொல்லலை."

எனக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அந்தக் கோபத்துக்கு உள்ளே, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு சந்தோஷம். எத்தனை நாளாயிற்று என் எதிரில் ஒருத்தி கழுத்து நரம்பு புடைக்கப் பேசி!

"முடியாது," என்றேன். "லாரியில ஏறினது ஏறினதுதான்."

"உங்க லாரி நியாயத்தை என்கிட்ட பேசாதீங்க. அவ நான்!"

"நீதான்னா எதுக்குத் தூக்கிப் போட்ட? போட்டவ போட்டவதான். காய்ச்சல்ல கிடந்தப்ப தோள்ல தூக்கினவன் நான்."

"அதுக்குக் கூலி கேட்கிறீங்களா?"

"கேட்டா தருவியா?"

"அங்கமுத்தண்ணே," என்றாள் தனபாக்கியம் அக்கா, "அவகிட்டயே கேட்டுடுங்களேன்."

தவம் திரும்பினாள். "என்கூட வர்றியா?"

"சரி," என்றாள் மலர்.

"இங்கயே இருந்துடும்மா," என்றாள் ராஜம்மா.

"சரிம்மா."

பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். தவம் அவள் வலது கையைப் பிடித்தாள். நான் எழுந்து போய் இடது கையைப் பிடித்தேன். வளைகாப்பு நடக்கிற வீட்டில், ஏழு மாதக்காரியும் நரைத்த தலைக்காரனும், சந்தையில் ஒரே சாமானுக்கு இரண்டு பேர் நிற்கிற மாதிரி நின்றோம். இவள் என்னுது என்றாள் அவள். என்னுது என்றேன் நான். நீங்கள் வளர்க்கவில்லை, அது தானாக வந்தது என்றாள். நீ வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்றேன். பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று ராஜம்மா சமரசம் பேச வந்தாள். இரண்டு பேரும் அவள் மேல் பாய்ந்தோம். கடைசியில் நான் கத்தினேன், தெரு முனை வரை கேட்டிருக்கும்:

"விடுடி கையை! அது என் சாமான்!"

மலர் என்னைப் பார்த்தாள். பிறகு தவத்தைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, இரண்டு கையையும் உருவிக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள்.

என்ன சொன்னாள் என்று யாருக்கும் உடனே புரியவில்லை.

"மாட்டேன். எங்கயும் வரமாட்டேன். சும்மா இருக்கவும் மாட்டேன். ரெண்டு பேரும் என்னை நிறுக்காதீங்க." அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "அவ கேட்டா கொடுக்கிறதுக்கும் நீங்க கேட்டா வைக்கிறதுக்கும் நான் யாரு? எனக்குக் காய்ச்சல் வந்தா எங்க கொண்டு போவீங்க? என்னை யாருன்னு சொல்வீங்க? என் அட்டை எங்கப்பா?"

அப்போதுதான் அவள் காதிலிருந்து ரத்தம் சொட்டியது. இத்தனை நாளும் காய்ந்த காகித ஓரம் போல இருந்த அந்த வெட்டு, இன்றைக்குத்தான் பட்ட காயம் மாதிரி திறந்துகொண்டு, ஒரு சொட்டு தோளிலும் ஒரு சொட்டு மணைப்பலகையிலும் விழுந்தது. ராஜம்மா மஞ்சளை எடுக்க ஓடினாள். தவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஒரு சத்தமும் வராமல், பிறகு எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து, அழுதாள். அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், மலரைத் திட்டினாள், காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். வளையல்கள் தட்டிலேயே கிடந்தன. தனபாக்கியம் அக்கா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனவள், வாசலில் நின்று தன் வீட்டைப் பார்த்து, "குகா, என்னைத் திட்டுடா பார்ப்போம்," என்று கூப்பிட்டாள்.

"சரிம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வேறொன்றும் வரவில்லை. அவள் கேட்டுக்குப் பக்கத்தில், முன்னொரு நாள் பலகாரப் பெட்டி தொங்கின இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மலர் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. காலையில் பால் கலக்காத தே ஓ குடிக்கும்போதே தொடங்குவாள்: என் அட்டை? நான் சொன்னேன், அது லேசில் நடக்காது, எனக்கே தலை நரைத்தது. உங்களுக்கு நரைத்தால் எனக்கும் நரைக்கட்டும் என்றாள். மின்விசிறிக்கு ஒரு வெள்ளி என்றேன், சோதிக்க. "போங்கப்பா, செம்பே அதுக்கு மேல போகும்," என்றாள்.

அவள் வீடு வீடாகப் போய், காது வெட்டுப்பட்டவர்களையெல்லாம், திங்கட்கிழமை என்னோடு அட்டை கொடுக்கிற பதிவு அலுவலகத்துக்கு வாருங்கள் என்று கேட்டாள். எல்லாரும் சரி என்றார்கள். அவர்களுக்கு வேறு சொல் தெரியாதே. டவுன் பஸ் நிரம்பி, நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பேச்சில்லாமல், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி சீவிய தலையோடு போய் இறங்கினோம்.

எனக்கு அந்தக் கூடம் தெரியும். அதே வரிசை நாற்காலி, அதே எண் சீட்டு, கூப்பிடுகிற அதே மணி. உள்ளே நுழைந்தால் ஓரமாக ஒரு நாற்காலியில் தவம் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் யாரும் அவளை வரச் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு வந்ததாக ராஜம்மாவைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வயிற்றில் கை வைத்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "அடியே குட்டிப் பிசாசு, என் உதைகாரத் தங்கம், தாத்தா பக்கத்துல இருக்காரு, கொஞ்சம் சும்மா இருடி," என்றாள்.

எனக்குக் கேட்டது. நான் எண் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த அதிகாரி சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினாள், மலாயில். பெயரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "இந்தப் பெயர் குடியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதாக இருக்கிறது," என்றாள்.

"விட்டது நான்," என்று தவம் எழுந்து வந்து தன் ரோஸ் நிறச் சிங்கப்பூர் அட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். "இவளைக் கேட்காம விட்டேன்."

அதிகாரி இரண்டு முகத்தையும் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பின்னால் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிற காதுகளைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். இதற்கு இங்கே வழிமுறை இல்லை, வேண்டுமென்றால் வெளிநாட்டார் மனு ஒன்று தருகிறேன், அதில் பிறந்த நாடு எது என்று எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினாள். தாளின் தலைப்பு சிவப்பு எழுத்தில் இருந்தது.

என் முஷ்டி தானாக மூடிக்கொண்டது. மலர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீங்க உட்காருங்கப்பா. நான் பேசிக்கிறேன்."

அதிகாரி கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "இன்றைக்கு ஒன்றும் ஆகாது. எல்லாரும் போய்விட்டு இன்னொரு நாள் வாருங்கள்."

"சரி," என்றார்கள் அத்தனை பேரும். நாற்காலிகள் தரையில் உரசின. எழுந்து நின்றார்கள், வாசல் பக்கம் திரும்பினார்கள்.

மலர் அந்தச் சிவப்புத் தலைப்புத் தாளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெல்லத் தள்ளினாள். தள்ளிவிட்டு, மீன்காரனிடம் பேசுகிற அதே மலாயில், சத்தம் போடாமல், ஆனால் கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அவதான் விட்டா. நான் விடலை."

வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தவர்களில் தனபாக்கியம் அக்காவின் குகன் நின்றான். என்ன நினைத்தானோ, திரும்பி வந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்தான். அரிக்கிற மாதிரி வலது காதைத் தொட்டான். பிறகு கையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, விரல் நுனியில் ஈரமாக இருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.